மூக்கை மாத்தினா மூச்சு கூடுமா?

முதல்லயே சொல்லிடறேன், இது யாரையும் புண்படுத்த எழுதினது இல்லை. அப்படியும் புண்பட்டா, வயித்தெரிச்சலுக்கு எண்ணெய் ஊத்தினதா நினைச்சு என்னை மன்னிச்சிடுங்க :-)

போன வாரம் நண்பர் ஒருத்தர் கூப்பிட்டார். "நீ சிட்டி விடெக்ல இன்டேக் மேனிஃபோல்டு மாத்தினவனாச்சே, நானும் மாத்தலாம்னு இருக்கேன். எவ்வளவு ஆச்சு, எங்க பண்ணே?" எவ்வளவு ஆச்சுன்னு சொன்னேன். எங்கன்னு சொல்லலை. வேண்டாம்னு சொன்னேன். அவருக்குக் கோவம். "உனக்கு சரியா வரலைன்னா எல்லாருக்குமா வராது?"ன்னு கேட்டுட்டு வெச்சிட்டார். சரி, அவருக்கு சொல்ல வேண்டியதை இங்கயே சொல்லிடலாம்.

வண்டி எங்க மாமாவோடது. 2002 மாடல் ஹோண்டா சிட்டி 1.5 விடெக். இந்த வண்டியைப் பத்தித் தெரியாதவங்களுக்கு ஒரு வரி: 2000ல வந்துச்சு, 1493 சிசி, 106 குதிரை, டர்போ கிடையாது, தானா மூச்சு இழுக்கற இஞ்சின். 2003ல ஹோண்டா இதை நிறுத்திட்டு 77 குதிரையோட அடுத்த சிட்டியைக் கொண்டு வந்தப்ப அழுதவங்க இன்னும் அழுதுக்கிட்டுதான் இருக்காங்க. மாமா அதை இருபது வருஷத்துக்கு மேல சாமி மாதிரி வெச்சிருந்துட்டு என்கிட்ட குடுத்தார். "மாப்ள, இதை நோண்டாத" அப்படின்னு ஒரே ஒரு கண்டிஷன். நான் மெக்கானிக்கல் படிச்சிட்டு பொட்டி தட்டறவன். நோண்டாம இருக்க முடியுமா?

கடைக்காரர் காட்டினது ஒரு இறக்குமதி மேனிஃபோல்டு. வெளிநாட்டு சிவிக்ல வந்த டி16 இஞ்சினோடது, பழசு. வாய் பெருசு, குழாய் பெருசு. "இதைப் போட்டா இருபது குதிரை கூடும் தம்பி" என்றார். எந்த ஆர்பிஎம்ல, எதுல அளந்ததுன்னு நான் கேட்கலை. வால்யூமெட்ரிக் எஃபிஷியன்ஸின்னா என்னன்னு ரெண்டு மார்க் கேள்விக்கு பதில் எழுதி பாஸானவன் நான். இருந்தும் கேட்கலை. முப்பத்தெட்டாயிரம், கூம்பு ஃபில்டரோட சேர்த்து.

இப்ப மேட்டருக்கு வருவோம். இன்டேக் மேனிஃபோல்டுன்னா என்னமோ காத்து போற பைப்பு, பெருசா இருந்தா நிறைய காத்து போகும்னு நினைக்கிறோம். தண்ணி டேங்க் பைப்புக்கு அது சரி. இஞ்சினுக்கு சரி இல்லை. இங்க காத்து தொடர்ச்சியா போகறது இல்லை, வால்வு திறந்து திறந்து மூடுது. உள்ள ஓடிக்கிட்டிருக்கற காத்துக்கு முன்னாடி கதவை டப்புனு சாத்தினா என்ன ஆகும்? முட்டிக்கிட்டு நெருக்கும். அந்த நெருக்கம் ஒரு அலையா குழாய்ல திரும்பி ஓடி, மேல இருக்கற பெட்டியில பட்டு மறுபடி வரும். வால்வு அடுத்து திறந்திருக்கற சரியான நேரத்துல அந்தத் தள்ளு வந்து சேர்ந்தா, கூடுதலா கொஞ்சம் காத்தை சிலிண்டருக்குள்ள ஓசியில திணிச்சிட்டுப் போகும். டர்போ இல்லாத வண்டிக்கு கிடைக்கற ஒரே ஓசி அதுதான்.

இந்த அலை ஓடறது ஒலி வேகத்துல, செகண்டுக்கு சுமார் 340 மீட்டர். இஞ்சின் வேகம் மாறும், அலை வேகம் பெருசா மாறாது. அதனால ஒரு நீளத்துக்கு ஒரு ஆர்பிஎம் தான் பொருந்தும். குழாய் நீளமா, ஒடுக்கமா இருந்தா கீழ் ஆர்பிஎம்ல இழுவை. குட்டையா, அகலமா இருந்தா மேல் ஆர்பிஎம்ல பவர். ரெண்டும் ஒண்ணா கிடைக்காது. கீழ இருந்து எடுத்து மேல வைக்கிறீங்க, அவ்வளவுதான்.

நம்பாதவங்களுக்கு 1960ல இருந்து ஒரு சாட்சி. கிரைஸ்லர் 300எஃப்னு ஒரு வண்டி, 413 கன அங்குல வி8. அதுல 30 அங்குல நீளக் குழாய் வெச்சு 375 குதிரை, 495 பவுண்ட்-அடி டார்க், அது 2800 ஆர்பிஎம்லயே வந்துடும். அதையே இன்னும் முறுக்கி, குழாயோட உள் சுவரைப் பாதி வெட்டி எடுத்து 15 அங்குலம் மாதிரி வேலை செய்ய வெச்சு இன்னொண்ணு குடுத்தாங்க. குதிரை 400 ஆச்சு. டார்க் 465க்கு இறங்குச்சு, அதுவும் 3600ல போய்த்தான் வந்துச்சு. இந்த வியாபாரம் அப்பவே கணக்கோட எழுதி வெச்சதுதான். ரெண்டுமே வேணும்னா குழாய் நீளத்தை ஓடும்போதே மாத்தணும். 1991ல லே மான்ஸ் ஜெயிச்ச மாஸ்டா 787பி அதைத்தான் செஞ்சுது. நம்ம ஊருக்கு 2006ல வந்த சிவிக் 1.8லயும் ரெண்டு நீளத்துக்கு மாறற மேனிஃபோல்டு உண்டு. பெரிய வாய் வெச்சா போதும்னா அவங்க எதுக்குய்யா இவ்வளவு மெனக்கெடணும்?

சரி, என் வண்டிக்கு என்ன ஆச்சு? சத்தம் பிரமாதம். ஆக்சிலேட்டரை மிதிச்சா கூம்பு ஃபில்டர் வழியா ஒரு உறுமல், காதுக்கு நிஜமாவே இருபது குதிரை கூடியிருந்துச்சு. ஒரு வாரம் அந்த போதையிலயே இருந்தேன். அப்புறம் மாமா கொல்லிமலை போகணும்னார். காரவள்ளியில இருந்து மேல 70 கொண்டை ஊசி வளைவு. முன்னெல்லாம் ரெண்டாவது கியர்ல வளைவைத் திருப்பி அப்படியே இழுத்துக்கிட்டுப் போற வண்டி, மூணாவது வளைவுலயே திணறுச்சு. முதல் கியர், கிளட்ச், மறுபடி முதல் கியர். இருபதாவது வளைவுல கிளட்ச் வாடை. மாமா ஜன்னலுக்கு வெளிய பார்த்துக்கிட்டே கேட்டார்:

"என்ன மாப்ள, மூச்சு வாங்குது?"

நான் சொல்லவே இல்லை. மனுஷன் கண்டுபிடிச்சிட்டார். மேல சோளக்காடு போய் சேர்ற வரைக்கும் அவர் வேற எதுவும் பேசலை. அந்த மௌனத்துக்கு முப்பத்தெட்டாயிரம் எவ்வளவோ பரவாயில்லை.

திரும்பி வந்ததும் செய்ய வேண்டியதை லேட்டா செஞ்சேன். அளந்தேன். ராசிபுரம் பிரிவு தாண்டி புதுச்சத்திரம் பக்கம், ஞாயித்துக்கிழமை விடிகாலை, நேர் ரோடு, போன்ல ஜிபிஎஸ், போக அஞ்சு வர அஞ்சு. பழைய மேனிஃபோல்டை மாட்டி இன்னொரு ஞாயிறு அதே மாதிரி. மூணாவது கியர்ல 40ல இருந்து 70க்கு புதுசு ரெண்டு செகண்டுக்கிட்ட பின்னால. 70ல இருந்து 100க்கு அரை செகண்ட் முன்னால. அந்த அரை செகண்டை எங்க செலவு பண்றது? மல்லூர்லயா, ஆண்டகளூர் கேட்லயா? முட்டை வண்டியும் டேங்கர் லாரியும் போற ரோட்டுல நாம ஓட்டறது முக்கால்வாசி நேரம் மூவாயிரம் ஆர்பிஎம்முக்குக் கீழதான்.

கூம்பு ஃபில்டர் கதை இன்னும் கேவலம். சேலம் வெயில் 40 டிகிரி. பானட்டுக்குள்ள 60 தாண்டும். கம்பெனிக்காரன் கஷ்டப்பட்டு வெளிக்காத்தை எடுக்க ஒரு குழாய் வெச்சிருந்தான். அதைக் கழட்டி வீசிட்டு இஞ்சின் சூட்டையே இஞ்சினுக்கு ஊட்டினோம். இருபது டிகிரி ஏறினா காத்தோட அடர்த்தி ஆறு சதவீதம் போச்சு. ஏற்காடு ஏறினா உயரத்துக்கே பத்துல ஒரு பங்கு போயிடும். தானா மூச்சு இழுக்கற இஞ்சின் பாவம், குடுக்கறதைத்தான் குடிக்கும்.

இதுக்கு ஒரு நியாயமான மறுப்பு இருக்கு, அதையும் சொல்லணும். "மேனிஃபோல்டு மட்டும் மாத்தினா எப்படி? கேம், கம்ப்ரஷன், ஈசியு எல்லாம் சேர்த்து செய்யணும்." நூறு சதவீதம் சரி. சேர்த்து செஞ்சா அந்த மேனிஃபோல்டு வேலை செய்யும், ரேஸ் ட்ராக்ல. நம்ம கோயமுத்தூர் கரிவர்தன் மாருதி 800 இஞ்சினை வெச்சு ஃபார்முலா மாருதி கட்டினார். அவர் பேர்ல செட்டிபாளையத்துல ட்ராக்கே இருக்கு. ரேஸ் வண்டிக்கு ஸ்டாப்வாட்ச்தான் நீதிபதி, அங்க சத்தத்தை வெச்சு யாரும் ஏமாத்த முடியாது. ஆனா கடைக்காரர் எனக்கு வித்தது முழு வேலை இல்லை, அதுல பார்க்க அழகா இருக்கற ஒரு துண்டு. மீதியையும் செய்யணும்னா வண்டி விலையில பாதி ஆகும்னு பணம் வாங்கினப்புறம் தான் சொன்னார்.

சட்டத்தையும் மறந்துடாதீங்க. 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றம் கம்பெனி வடிவமைப்பை மீறி வண்டியை மாத்தக்கூடாதுன்னுச்சு. அதே வருஷம் மோட்டார் வாகனச் சட்டத்துல திருத்தின 182ஏ பிரிவுல, அனுமதி இல்லாம மாத்தினா ஆறு மாசம் வரைக்கும் ஜெயில், இல்ல ஒவ்வொரு மாற்றத்துக்கும் அஞ்சாயிரம் அபராதம், இல்ல ரெண்டும். வேலை செஞ்சவரோட பேர் அந்த ரசீதுல வராது, நம்ம பேர்தான் வரும்.

கடைசியில வண்டியை சரி பண்ணது நாமக்கல்ல ஒரு லாரி பட்டறைப் பெரியவர். கார் பார்க்கறது இல்லைன்னார், மாமாவுக்காகப் பார்த்தார். ஐடில் 1500ல ஏறி இறங்கி ஆடிக்கிட்டிருந்துச்சு. மேனிஃபோல்டைக் கழட்டினா கேஸ்கெட் ஒரு பக்கம் ஓட்டைக்குள்ள துருத்திக்கிட்டு, இன்னொரு பக்கம் காத்து கசிஞ்ச கறுப்புத் தடம். என்னைப் பார்த்து, "தம்பி, லாரிக்கு ஊதித் தள்ள டர்போ இருக்குது. உன் வண்டி தானா இழுக்கோணும். மூக்கை அகலம் பண்ணிட்டா நெஞ்சு பெருசாயிடுமா?" என்றார். என் நாலு வருஷப் படிப்பு அப்படியே பக்கத்துல இருந்த கிரீஸ் டப்பாவுல போய் விழுந்துச்சு.

அவர் செஞ்சது: பழைய மேனிஃபோல்டு, புது கேஸ்கெட், டாப்பெட் கிளியரன்ஸ், பிளக், இக்னிஷன் டைமிங், கம்பெனி ஏர் ஃபில்டர் பெட்டி. நாலாயிரத்துச் சொச்சம். இருபது வருஷத்துல வண்டி தொலைச்சிருந்த குதிரைங்க அங்கதான் இருந்திருக்கு, டாப்பெட்லயும் பிளக்லயும். மறுபடி கொல்லிமலை போனோம். ரெண்டாவது கியர். மாமா பேசிக்கிட்டே வந்தார்.

அந்த இறக்குமதி மேனிஃபோல்டு பரண் மேல கிடக்கு. விக்கலாம், ஆனா வாங்கறவனுக்கு என்ன சொல்லி விக்கறது? அம்மா நேத்து அதை இறக்கி கழுவிட்டு, நாலு ஓட்டை இருக்கே, மணி பிளான்ட் வெச்சுக்கட்டுமான்னு கேட்டாங்க.