வீடு கட்டுபவரிடம் எழுதி வாங்குவதற்கு என்ன வெட்கம்?



நம் தமிழ்ப்பள்ளிகளில் மாணவர்களுக்குக் கடிதம் எழுதக் கற்றுக்கொடுக்கிறோம். அனுப்புநர், பெறுநர், நாள், பொருள் என்று வரிசை பிறழாமல் எழுதப் பழக்குகிறோம். தெருவிளக்கு எரியவில்லை, கால்வாய் அடைத்துக்கொண்டது என்று நகராண்மைக் கழகத்திற்குப் புகார்க் கடிதம் வரைய வைக்கிறோம். யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் அகற்றப்பட்ட பிறகும் இந்தப் பயிற்சி நம் வகுப்பறைகளை விட்டுப் போகவில்லை. நல்லது. ஆனால் அதே மாணவனின் தந்தை, முப்பதாயிரம் ரிங்கிட்டைக் கொடுத்துவிட்டு, கூரையில்லாத சமையலறையை மாதக்கணக்கில் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். வேலையை நிறுத்திவிட்டுப் போன குத்தகையாளருக்கு ஒரு வரிகூட எழுத மாட்டார். கேட்டால், “எழுதினால் மனசு கோணிக்கொள்வார் சார்” என்கிறார்.

யாருடைய மனசு? முப்பதாயிரத்தை வாங்கிக்கொண்டு கைப்பேசியை எடுக்காதவருடைய மனசு!

பாகான் டத்தோ வட்டாரத்தில் வீட்டு வேலைத் தகராறுகள் பல, முதல் கல் வைப்பதற்கு முன்பே தோற்றுப்போனவை என்பதே என் குற்றச்சாட்டு. ஏமாற்றுகிற குத்தகையாளர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்காக நான் வாதாட வரவில்லை. ஆனால் “நம்ம ஆள்தானே” என்ற ஒரு சொல்லை நம்பித் தாளும் பேனாவும் இல்லாமல் வாழ்நாள் சேமிப்பைத் தூக்கிக் கொடுக்கும் பழக்கம் நம்முடையது. தாள் கேட்பது அவமதிப்பு என்று எண்ணுகிற நாகரிகமும் நம்முடையதே. திருமணத்திற்கு மண்டபம் பிடிக்கும்போது இரசீது கேட்கிறோம். நகையை அடகு வைத்தால் சீட்டைப் பத்திரப்படுத்துகிறோம். வீட்டுக்கு மட்டும் வாய்ச்சொல் போதுமாம்.

இதற்கு ஒரு வரலாறு உண்டு. தோட்டத்தில் வாழ்ந்த தலைமுறைக்கு வீடு என்பது நிருவாகத்தின் சொத்து. லயத்துக் கூரை ஒழுகினால் கிராணியிடம் சொல்ல வேண்டும். அவர் மனம் வைத்தால் தச்சர் வருவார். ஆக, வீட்டுக்காக ஒருவரோடு விலை பேசி, அளவு பேசி, நாள் குறித்து ஒப்பந்தம் போடும் தேவையே நம் தாத்தா பாட்டிக்கு ஏற்படவில்லை. தோட்டத்தைவிட்டு வெளியேறி, 55 வயதில் ஊழியர் சேமநிதியை எடுத்து, துண்டு நிலத்தில் கட்டும் வீடுதான் பல குடும்பங்களுக்கு முதல் வீடு. முதல் முறை செய்வதால் தெரியவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். அது முதல் தலைமுறைக்குப் பொருந்தும். பட்டம் பெற்ற பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இன்றும் அதே கதை என்றால் என்ன சொல்வது?

உரிமம் பெற்ற வீடமைப்பு நிறுவனத்திடம் தாமானில் வீடு வாங்குகிறவரைப் பாருங்கள். 1966ஆம் ஆண்டு வீடமைப்பு மேம்பாட்டுச் சட்டத்தின்கீழ் அவருடைய ஒப்பந்தப் படிவத்தையே அரசாங்கம் அச்சடித்து வைத்திருக்கிறது. கையெழுத்திடும்போது 10 விழுக்காடு. அடித்தளம் முடிந்தால் 10. தூணும் உத்திரமும் எழும்பினால் 15. இப்படி வேலை முன்னே போக, பணம் பின்னே போகும். சாவி கைக்கு வந்த பிறகும் 5 விழுக்காடு வழக்கறிஞரிடம் தங்கியிருக்கும். பழுதுகளைச் சரி செய்யாவிட்டால் அதில் கை வைக்கலாம். கோடிக்கணக்கில் முதலீடு செய்த நிறுவனத்தையே சட்டம் இவ்வளவுதான் நம்புகிறது. நாமோ, லோரியில் மணலைக் கொட்டியவுடன் பாதித் தொகையை எடுத்துக் கொடுக்கிறோம். “சாமான் வாங்க வேண்டும்” என்று கேட்டால் மீதிப் பாதியில் பாதியும் போய்விடும். அதற்குப் பின்பு அவர் திரும்பி வருவதற்கு என்ன காரணம் மிச்சமிருக்கிறது? அடுத்த வீட்டில் முன்பணம் காத்திருக்கும்போது, பணம் தீர்ந்துபோன வீட்டுக்கு யார் வருவார்கள்?

ஒரு பெற்றோர் என்னிடம் ஒரு பழைய பயிற்சிப் புத்தகத்தைக் கொண்டுவந்து காட்டினார். கொடுத்த பணத்தை மட்டும் நாள் போட்டு எழுதியிருந்தார். (அதையாவது எழுதினாரே!) பேசிய விலை 38,000 ரிங்கிட். கொடுத்தது 30,000. சுவர் நிற்கிறது, கூரை இல்லை, தரை இல்லை, மின்கம்பி இழுக்கவில்லை. “இன்னும் ஆறாயிரம் கொடுத்தால்தான் வருவேன்” என்கிறாராம் குத்தகையாளர். தந்தைக்கு இருந்த கேள்வி ஒன்றே: “கொடுத்தால் வந்துவிடுவாரா சார்?” அவருடைய மைத்துனருக்கோ, முப்பதாயிரத்தையும் வட்டியோடு பிடுங்க வேண்டுமாம்.

இரண்டுமே பிழையான கணக்கு. நான் கேட்டது வேறு: மீதி வேலையை வேறொருவர் முடித்துக் கொடுக்க எவ்வளவு? இருவரிடம் எழுத்து மூலம் மதிப்பீடு வாங்கி வரச் சொன்னேன். குறைந்தது 21,000. இப்போது கூட்டிப் பாருங்கள். கொடுத்த 30,000, முடிக்கத் தேவையான 21,000, மொத்தம் 51,000. பேசிய விலை 38,000. வித்தியாசம் 13,000. அதுதான் அவருடைய இழப்பு. அதுதான் அவர் கேட்கத் தக்க தொகை. முப்பதாயிரத்தையும் கேட்டால், நின்றுகொண்டிருக்கும் சுவருக்கு விலை இல்லையா என்று எதிர்த்தரப்பு கேட்கும், பதில் இருக்காது. இன்னோர் ஆறாயிரத்தைக் கொடுத்தால் இழப்பு 19,000 ஆகலாம். நான்காம் ஆண்டு மாணவனும் போடக்கூடிய கணக்கு இது. கோபத்தில் இருப்பவருக்குத்தான் வருவதில்லை.

பாதியில் நின்ற வேலைக்குக் கூலி உண்டா என்ற கேள்வி புதியதன்று. இங்கிலாந்தில் 1898இல் தீர்ப்பு வந்த ஒரு வழக்கில், சம்ப்டர் என்ற கட்டுநர், ஹெட்ஜஸ் என்பவருடைய நிலத்தில் 565 பவுனுக்குக் கட்டடம் எழுப்ப ஒப்புக்கொண்டு, 333 பவுன் பெறுமான வேலையோடு, பணமில்லை என்று நிறுத்திவிட்டார். உரிமையாளர் மீதியைத் தாமே முடித்தார். செய்த வேலைக்குக் கூலி கேட்டுக் கட்டுநர் வழக்காடினார். கிடைக்கவில்லை. அவர் விட்டுப்போன பொருள்களை உரிமையாளர் பயன்படுத்தியதற்கு மட்டுமே விலை கிடைத்தது. 1972இல் இன்னொரு வழக்கு. வீட்டுக்காரரின் பெயர் மகாதேவா. வீட்டைச் சூடாக்கும் அமைப்பைப் பொருத்த 560 பவுன் பேசப்பட்டது. பொருத்திய அமைப்பு சரியாகச் சூடாக்கவுமில்லை. அறைக்குள் புகையையும் விட்டது. சரி செய்ய ஏறக்குறைய 174 பவுன் ஆகும். கழித்துக்கொண்டு மீதியைக் கொடு என்றார் கீழ் நீதிமன்ற நீதிபதி. மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒத்துக்கொள்ளவில்லை. பேசிய வேலை அதன் முக்கியப் பகுதியிலேயே நிறைவேறவில்லை. எனவே பேசிய தொகைக்கு உரிமையில்லை என்று முடித்தது.

இத்தீர்ப்புகள் அப்படியே நம்மைக் கட்டுப்படுத்தா. நம்முடைய 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தில், இனாமாகச் செய்யும் எண்ணமில்லாமல் ஒருவர் செய்த வேலையின் பயனை மற்றவர் அனுபவித்தால் ஈடு கொடுக்க வேண்டும் என்று 71ஆம் பிரிவு சொல்கிறது. குத்தகையாளர் அதைப் பிடித்துக்கொள்ளலாம். இழப்பீட்டைப் பேசும் 74ஆம் பிரிவை நாம் பிடித்துக்கொள்ளலாம். ஆனால் இரு தரப்பும் எதைப் பேசின என்பதைக் காட்டத் தாள் இல்லையென்றால் இந்தப் பிரிவுகளை வைத்து என்ன செய்வது?

குத்தகையாளருக்கும் நியாயம் உண்டு என்பதை மறைக்க மாட்டேன். சுவர் பாதி எழும்பியபின் “சன்னலை இந்தப் பக்கம் வையுங்கள் அண்ணே”, “மேடையை இன்னும் இரண்டடி நீட்டுங்கள்”, “அந்தத் தரையோடு வேண்டாம், இது போடுங்கள்” என்று நாம் கேட்கிறோம். விலை பேசுவதில்லை. கடைசியில் அவர் கூடுதல் கேட்டால், ஏமாற்றுக்காரர் என்கிறோம். இன்னொன்று நம் மண். கடலோரக் களிமண். பழைய வீட்டோடு ஒட்டிக் கட்டிய சமையலறை சில ஆண்டுகளில் தனியே இறங்கி, சேருமிடத்தில் விரல் நுழையும் அளவுக்குப் பிளந்து நிற்பதை இங்கே பார்த்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அடியில் பக்காவ் மரம் இறக்குவதா, எத்தனை, எவ்வளவு ஆழம் என்று யாரும் எழுதவில்லை. குறைந்த விலைக்கு ஆசைப்பட்டு அதை வேண்டாமென்றது வீட்டுக்காரரா, சொல்லாமல் விட்டது குத்தகையாளரா? பிளவு விழுந்த பிறகு இருவரும் சத்தியம் செய்வார்கள்.

அரசாங்கத்தின் மீதும் எனக்குக் குறை உண்டு. கட்டுமானத் துறையில் பணத் தகராறுகளை விரைந்து தீர்க்க 2012இல் ஒரு சட்டம் இயற்றி, 2014 ஏப்ரல் 15 முதல் நடைமுறைப்படுத்தினார்கள். பெரிய குத்தகையாளர், துணைக் குத்தகையாளர் எல்லாருக்கும் அதில் வழியுண்டு. ஆனால் தனிமனிதர் ஒருவர் தாம் குடியிருக்க, நான்கு மாடிக்குக் குறைவாகக் கட்டிக்கொள்ளும் வீடு அச்சட்டத்திற்கு வெளியே நிற்கிறது. வீடு வாங்குவோருக்கான நடுவர் மன்றமோ உரிமம் பெற்ற மேம்பாட்டாளருக்கு எதிராக மட்டும். சொந்த நிலத்தில் சொந்தக் காசில் சமையலறை கட்டுகிறவர் இரண்டு கூரைகளுக்கும் இடையிலுள்ள சந்தில் நனைகிறார்.

அவருக்கு மிஞ்சிய கதவு ஒன்று இருக்கிறது. 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் அமைந்த மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம். மக்கள் வழக்கில் ‘திரிபூனல்’. தொடக்கத்தில் 10,000 ரிங்கிட் வரைதான் கேட்கலாம். 2003இல் 25,000 ஆயிற்று. 2019இல் 50,000 ஆயிற்று. நம்மூர்ச் சமையலறைகளில் பெரும்பாலானவை இதற்குள் அடங்கிவிடும். பதிவுக் கட்டணம் 5 ரிங்கிட். வழக்கறிஞர் வைத்துக்கொள்ள முடியாது. எதிர்த்தரப்புக்கும் அதே விதி. போதிய திறனோடும் அக்கறையோடும் வேலை செய்ய வேண்டும், நாள் குறிக்காவிட்டாலும் நியாயமான காலத்திற்குள் முடிக்க வேண்டும் என்பவை அச்சட்டமே தரும் உறுதிகள். குத்தகையாளர் வாய்திறந்து சொல்லியிருக்க வேண்டியதில்லை. தீர்ப்பு வந்து 14 நாளில் பணியாவிட்டால் அது குற்றம். இப்போது இணையத்திலேயே பதியலாம். ஆனால் மூன்றாண்டுக்குள் போக வேண்டும். “பார்ப்போம், தீபாவளிக்குப் பிறகு வருகிறேன் என்றிருக்கிறார்” என்று மூன்று தீபாவளியைக் கடத்தியவருக்கு அந்தக் கதவு சாத்திவிடும். பிறகு ஆறாண்டுக் கெடு உள்ள நீதிமன்றம்தான்.

இவ்வளவு இருந்தும் நம்மவர்கள் எங்கே போகிறார்கள்? கோவில் தலைவரிடம். கட்சிக் கிளைத் தலைவரிடம். இன்னும் சிலர், வெட்கத்தோடு எழுதுகிறேன், “நாலு பையன்களை” அனுப்புகிறார்கள். தலைவர் இருவரையும் உட்கார வைத்துத் தேநீர் வாங்கிக் கொடுத்து, “விட்டுக் கொடுத்துப் போங்கப்பா” என்று முடிப்பார். எப்போதும் விட்டுக் கொடுப்பவர் பணம் கொடுத்தவராகவே இருப்பார். பையன்களை அனுப்பினாலோ, குற்றவியல் சட்டத்தின் 506ஆம் பிரிவில் மிரட்டல் வழக்கு நம்மீது வரும். பதின்மூன்றாயிரம் கேட்டு வந்தவர் பிணைப்பணம் தேட வேண்டிவரும். காவல் நிலையத்தில் புகார் செய்தால், இது சிவில் விவகாரம் என்று சொல்லி அனுப்புவார்கள்.

“குத்தகையாளர் என் சித்தப்பா முறை, எப்படி எழுதி வாங்குவது?” என்பது வழக்கமான மறுப்பு. உறவினர் என்பதற்காகவே எழுதச் சொல்கிறேன். எழுதாத பேச்சால் முறிந்த உறவுகளைத்தான் நான் பார்த்திருக்கிறேன். கருமாதிக்குக்கூடப் போகாத வீடுகள் உண்டு. நேர்மையான குத்தகையாளர் தாளுக்கு அஞ்ச மாட்டார். கூடுதல் வேலைக்குக் காசு கேட்க அவருக்கும் அதுதான் சான்று. 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியத்தில், அதாவது சி.ஐ.டி.பி.யில், பதிந்திருக்கிறாரா என்று கேளுங்கள். முகம் சுளித்தால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். முழுப்பெயரும் முகவரியும் வாங்காமல் ஒரு காசும் கொடுக்காதீர்கள். கைப்பேசி எண்ணும் “லோரிக்கார அண்ணன்” என்ற பட்டப்பெயரும் மட்டும் வைத்திருப்பவர், திரிபூனல் படிவத்தில் எதிர்த்தரப்பு என்ற இடத்தில் என்ன எழுதுவார்?

வேலை ஏற்கெனவே நின்றுவிட்ட வீடுகளுக்கு: இனி ஒரு காசும் கொடுக்காமல், முதலில் ஒரு கடிதம். பேசிய விலை, கொடுத்த தொகைகள் நாள்வாரியாக, முடிந்த வேலை, முடியாத வேலை, 14 நாளில் தொடங்காவிட்டால் வேறொருவரை வைத்து முடித்து வித்தியாசத்தை உங்களிடம் கோருவேன் என்ற ஒரு வரி. பதிவு அஞ்சலில் அனுப்பி, அதையே வாட்சாப்பிலும் அனுப்புங்கள். புதியவர் கை வைப்பதற்கு முன் எல்லா மூலைகளையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

கடிதத்தை எழுதுவதற்கோ, மலாய்மொழிப் படிவத்தை நிரப்புவதற்கோ தயங்கும் பெற்றோர், பள்ளி முடிந்தபின் என்னை வந்து பார்க்கலாம். வரும்போது அடையாள அட்டை, வங்கிக் கணக்கு அறிக்கை, இரசீதுகள், படங்கள், வாட்சாப் செய்திகள் எல்லாவற்றையும் எடுத்து வாருங்கள். பிள்ளையையும் அழைத்து வாருங்கள். அனுப்புநர், பெறுநர் எழுத அவனுக்குத் தெரியும்.