லெகோ கட்டைகளுக்குப் பெயின்ற் பூசலாமா?



தமிழ்ப் பாடசாலை விழாக்களுக்குப் பிள்ளைகள் லெகோ கட்டைகளால் நல்லூர்க் கோயிலையும் யாழ் நூலகத்தையும் கட்டிக் கொண்டுவருவதைக் கண்டு நாம் மகிழ்ந்திருக்கிறோம். ஆனால் கோபுரத்தின் பொன்னிறக் கட்டைகள் வேண்டிய அளவுக்குக் கிடைப்பதில்லை. உடனே பெற்றோர் ஸ்பிறே பெயின்ற்றைக் கையிலெடுக்கிறார்கள்.

இப்படியொரு வார இறுதிக்குப் பின், ஏழு வயதுப் பிள்ளையொன்று இழுப்புடன் எம்மிடம் வந்தது. (அடையாளம் தெரியாதிருக்க விபரங்களை மாற்றியுள்ளோம்.) மாரிகாலம், யன்னல்கள் எல்லாம் பூட்டு. குசினி மேசையில் பத்திரிகையை விரித்து இரண்டு நாளும் ஸ்பிறே அடித்திருக்கிறார்கள். நீல நிறப் பம்ப் கொடுத்ததும் பிள்ளை தேறிவிட்டது. பெயின்ற் காரணமாக இருக்கலாம் என்று தகப்பனுக்கு நினைவே வரவில்லை.

எமது கருத்து இதுதான். பிள்ளை விளையாடும் கட்டைக்குப் பெயின்ற் பூச வேண்டாம். காட்சிக்கு மட்டும் வைக்கும் கட்டை என்றால், கவனமாகப் பூசலாம்.

இந்தக் கட்டையின் மூத்த சகோதரம் பிறந்தது எமக்கு அயலில். குறொய்டனுக்கு அப்பால் உள்ள பேர்லியின் கிடிக்கிராஃப்ற் நிறுவனத்தை நடத்திய ஹிலறி பேஜ், 1947இல் ஒன்றோடொன்று பொருந்தும் பிளாஸ்ரிக் கட்டைகளை விற்பனைக்கு விட்டார். அதைப் பார்த்தே டென்மார்க்கின் லெகோ நிறுவனம் 1949இல் தன் கட்டையைச் செய்தது. குழந்தை வாயில் வைக்கும் பொருளுக்கு, கழுவித் துடைக்கக்கூடிய பிளாஸ்ரிக் நல்லது என்பது பேஜின் எண்ணம். இக்கட்டையில் நிறம் பிளாஸ்ரிக்கோடு கலந்தே இருக்கிறது. நக்கினாலும் சுரண்டினாலும் உரியாது. பெயின்ற் பூசும்போது அந்த நன்மையை நாமே இல்லாமற் செய்கிறோம்.

கட்டைகள் மிக இறுக்கமாகப் பொருந்துமாறு செய்யப்பட்டவை. மேலே ஒரு பூச்சு ஏறினால், பூட்டிக் கழற்றும் ஒவ்வொரு முறையும் அது உராய்ந்து செதிலாகவும் தூளாகவும் உதிரும். தூள் விரலுக்கும், விரல் வாய்க்கும் போகும்.

அந்தத் தூளில் என்ன இருக்கிறது என்பதே கேள்வி. இன்று பிரித்தானியக் கடைகளில் விற்கும் வீட்டுப் பெயின்ற்றில் ஈயம் சேர்ப்பதில்லை. ஆனால் ஷெட்டில் கிடக்கும் பழைய ரின்னுக்கும், வெளிநாட்டிலிருந்து வந்த ரின்னுக்கும் யார் உத்தரவாதம்? ஓவியர்களின் சில சிவப்பு, மஞ்சள் வர்ணங்களில் இன்றும் கட்மியம் உண்டு. பெரிய நிறுவனங்களே இதில் தவறியிருக்கின்றன. ஈயம் கலந்த பெயின்ற் காரணமாக, 2007 ஓகஸ்டில் மட்டெல் நிறுவனம் உலகெங்கும் விற்ற பல இலட்சம் பொம்மைகளைத் திரும்பப் பெற்றது.

ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று அறியப்படவில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். விழுங்கும் ஈயத்தைச் சிறுபிள்ளையின் உடல் வளர்ந்தவரை விட 4 முதல் 5 மடங்கு உறிஞ்சும். இரும்புச்சத்துக் குறைந்த பிள்ளையில் அது இன்னும் கூடும். பாலையே சாப்பாடாக்கி வளரும் எமது பிள்ளைகள் பலருக்கு இரும்புச்சத்துக் குறைவு இருப்பதை நாம் அடிக்கடி காண்கிறோம்.

"நாங்களும் சின்னனில் பெயின்ற் அடித்த பொம்மையைக் கடித்துத்தான் வளர்ந்தோம், என்ன நடந்துவிட்டது?" என்று சிலர் கேட்பார்கள். சிறிதளவு ஈயம் காய்ச்சலாகவோ வாந்தியாகவோ வெளிப்படுவதில்லை. கவனக் குறைவாக, படிப்பில் ஒரு படி பின்தங்கலாகவே வெளிப்படும். ரியூசனுக்கு இவ்வளவு செலவழிக்கும் நாம் இதையும் யோசிக்க வேண்டாமா?

அடுத்தது மூச்சு. ஸ்பிறேயின் கரைப்பான் ஆவி தொய்வுள்ள பிள்ளையின் சுவாசக் குழாயைச் சுருக்கும். கராஜ்களில் பயன்படும் இரு கலவைக் கார்ப் பெயின்ற் இன்னும் ஆபத்தானது. அதிலுள்ள ஐசோசயனேற் தொழில்வழித் தொய்வுக்கு இந்நாட்டில் ஒரு முக்கிய காரணம். மிஞ்சியதை வீட்டுக்குக் கொண்டுவரவே வேண்டாம்.

பெயின்ற் பிடிப்பதற்காகப் பழைய கட்டைகளை அரத்தாளால் தேய்ப்பதும் தவறு. பிளிமத் பல்கலைக்கழகம் 2018இல் வெளியிட்ட ஆய்வில், பாவித்த பழைய பிளாஸ்ரிக் பொம்மைகள் பலவற்றில், விசேடமாகச் சிவப்பு, மஞ்சள், கறுப்பு நிறத்தவற்றில், கட்மியமும் ஈயமும் காணப்பட்டன. தேய்த்தால் அது தூசியாகும்.

செய்யக்கூடியவை:

1. வேண்டிய நிறத்தில் உதிரிக் கட்டைகளை வாங்குங்கள்.
2. பூசியே ஆகவேண்டும் என்றால், நீரில் கரையும், ஈ.என். 71-3 பொம்மைத் தரம் குறிக்கப்பட்ட பெயின்ற்றைத் தூரிகையால் பூசுங்கள்.
3. ஸ்பிறே அடிப்பது வெளியில் மட்டும், பிள்ளைகள் வீட்டுக்குள்ளே.
4. பூசிய கட்டைகளை ஒட்டிக் காட்சிக்கு வையுங்கள். விளையாட்டுப் பெட்டியில் கலக்க வேண்டாம்.
5. பெயின்ற் செதில் விழுங்கும் பழக்கமுள்ள பிள்ளையை ஜீ.பி.யிடம் காட்டுங்கள். இரத்தத்தில் ஈயத்தை அளக்கலாம். இங்கிலாந்தில் பிள்ளைகளுக்கான தலையீட்டு அளவு 2021இல் டெசிலீற்றருக்கு 10இலிருந்து 5 மைக்ரோகிராமாகக் குறைக்கப்பட்டது.
6. மூச்சுத் திணறிப் பேச முடியாவிட்டால், காத்திராமல் 999ஐ அழையுங்கள்.

பிள்ளையின் ஆர்வத்தைத் தடுக்க வேண்டாம். நல்லூர்க் கோபுரம் நீலத்திலும் பச்சையிலும் எழுந்தால் முருகன் கோபிக்கமாட்டார்.