16 பேர் உயிரைக் குடித்தது பந்தா? ஏற்பாடா?

கல்கத்தா கால்பந்து கிளப்புகளின் நூறாண்டுப் பகை: ஓர் அலசல்

ஒரே ஊர். ஒரே பாஷை. ஒரே பஸ்ஸில் தொங்கிக்கொண்டு ஆபீஸ் போகிற ஜனங்கள். ஆனால் மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் மோதுகிற அன்று மட்டும் கல்கத்தா இரண்டாகப் பிளந்துவிடும். மாமனார் ஒரு கட்சி, மருமகன் ஒரு கட்சி!

இந்தப் பகை வெறும் வாய்ச்சண்டையோடு நின்றிருந்தால் பரவாயில்லை. 1980-ம் ஆண்டு ஆகஸ்டு 16-ந் தேதி 16 பேரைப் பலி வாங்கிவிட்டது. அன்று எழுந்த கேள்வி இன்னும் தீர்ந்தபாடில்லை. ஆளைக் கொல்வது ரசிகர்களின் வெறியா? அல்லது கூட்டத்தைக் கட்டி மேய்க்க வேண்டியவர்களின் அலட்சியமா?

பிரிந்த கதை

மோகன் பகான் 1889-ல் பிறந்த கிளப். 1911-ம் ஆண்டு ஜூலை 29-ந் தேதி வெள்ளைக்கார ராணுவ அணியான ஈஸ்ட் யார்க்ஷயர் ரெஜிமெண்டை 2-1 என்று தோற்கடித்து ஐ.எப்.ஏ. கேடயத்தைத் தட்டிச் சென்றது. நம்மவர்களில் பெரும்பாலோர் ஆடியது வெறுங்காலோடு! அன்று முதல் அந்தக் கிளப்புக்கு நாடெங்கும் பெயர்.

ஈஸ்ட் பெங்கால் பிறந்ததே ஒரு கோபத்தில்தான். 1920-ம் ஆண்டு ஜூலை கடைசியில் மோகன் பகானுக்கும் ஜோராபகான் கிளப்புக்கும் ஆட்டம். ஜோராபகானில் சைலேஷ் போஸ் என்ற ஆட்டக்காரரைக் காரணம் சொல்லாமல் கழற்றிவிட்டார்கள். அந்தக் கிளப்பின் உதவித் தலைவர் சுரேஷ் சந்திர சவுத்ரி எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். யாரும் கேட்கவில்லை. அவரும் சைலேஷ் போசும் வெளியேறினார்கள். கிழக்கு வங்காளத்துக்காரர் என்பதால்தான் இந்த அவமானம் என்று அவர்களுக்குப் பட்டது. சில நாட்களிலேயே, ஆகஸ்டு 1-ந் தேதி, புதுக் கிளப் உதயமாகிவிட்டது.

1925-ம் ஆண்டு மே 28-ந் தேதி லீக் ஆட்டத்தில் இரண்டும் முதல் தடவையாக மோதின. ஈஸ்ட் பெங்கால் 1-0 என்று வென்றது. புதுப் பையன் மூத்தவரைச் சாய்த்துவிட்டான்!

இறாலும் ஹில்சாவும்

மேற்கு வங்காளத்துப் பூர்வீகக்காரர்களை 'கோட்டி' என்பார்கள். கிழக்கே இருந்து வந்தவர்கள் 'பாங்கால்'. 1947-ல் நாடு பிரிந்தபோது லட்சக்கணக்கான பேர் வீடு வாசலை விட்டுவிட்டுக் கல்கத்தாவுக்கு வந்தார்கள். தங்க இடமில்லை, வேலை இல்லை. உள்ளூர்க்காரர்களின் ஏளனம் வேறு. 'இது நம்முடையது' என்று சொல்லிக்கொள்ள அவர்களுக்கு இருந்தது சிவப்பும் தங்க நிறமும் கலந்த அந்தச் சட்டைதான். அதனால்தான் ஈஸ்ட் பெங்கால் தோற்றால் அவர்களுக்கு அது பந்தாட்டத் தோல்வியாக மட்டும் படவில்லை.

மீன் கடைக்காரர்களுக்கும் இதில் பங்கு உண்டு. பச்சையும் மெரூனும் கட்டிய மோகன் பகான் வென்றால் இறாலுக்குக் கிராக்கி. ஈஸ்ட் பெங்கால் வென்றால் ஹில்சா மீனுக்குக் கிராக்கி.

மூன்றாவதாக ஒரு பெரிய கிளப்பும் உண்டு. 1934 முதல் 1938 வரை தொடர்ந்து ஐந்து வருடம் கல்கத்தா லீக்கை வென்ற முகமதன் ஸ்போர்டிங்.

ஆடுபவருக்கு ஊர் ஏது?

வேடிக்கை என்னவென்றால், கிழக்கு வங்காளத்தின் மானம் காத்தவர்கள் எல்லாம் வங்காளிகள் அல்ல! 1949 முதல் 1953 வரை ஈஸ்ட் பெங்காலின் 'பஞ்ச பாண்டவர்' என்று கொண்டாடப்பட்டவர்கள் அப்பாராவ், வெங்கடேஷ், தன்ராஜ், அகமது கான், சாலே. ஐவருமே தென்னாட்டுக்காரர்கள்.

ஐதராபாத்தில் பிறந்த கோல் கீப்பர் பீட்டர் தங்கராஜ் இந்த மூன்று கிளப்புக்கும் ஆடியவர். ஆட்டக்காரர் சட்டையை மாற்றிக்கொண்டு போய்விடுகிறார். மண்டை உடைவது ரசிகனுக்கு!

1975-ம் ஆண்டு செப்டம்பர் 30-ந் தேதி ஐ.எப்.ஏ. கேடய இறுதி ஆட்டத்தில் ஈஸ்ட் பெங்கால் 5-0 என்று மோகன் பகானை நொறுக்கியது. அந்த வேதனை தாங்காமல் ஒரு ரசிகர் தன் உயிரையே மாய்த்துக்கொண்டார்.

ரணகளம்

இனி 1980 சம்பவத்துக்கு வருவோம். கிரிக்கெட்டுக்குப் பேர்போன ஈடன் கார்டன்சில் லீக் ஆட்டம். ஈஸ்ட் பெங்காலின் திலீப் பாலித்தும் மோகன் பகானின் பிதேஷ் போசும் மைதானத்தில் உரசிக்கொண்டார்கள். ரெப்ரி இருவரையும் வெளியேற்றினார். உடனே கேலரியில் அடிதடி மூண்டது. கல் பறந்தது. தப்பி ஓடியவர்கள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்தார்கள். நெரிசலில் மிதிபட்டு 16 பேர் மாண்டார்கள். ஆட்டம் பார்க்கப் போனவர்கள் பிணமாக வீடு திரும்பினார்கள்.

இங்கேதான் கவனிக்க வேண்டும். இரண்டு அணி ரசிகர்களையும் ஒரே கேலரியில் கலந்து உட்கார வைத்திருந்தார்கள்! பஞ்சையும் நெருப்பையும் பக்கத்தில் வைத்துவிட்டுப் பற்றிக்கொண்டது என்று அழுதால் யார் குற்றம்?

1997-ஐப் பாருங்கள். ஜூலை 13-ந் தேதி, பெடரேஷன் கோப்பை அரை இறுதி. சால்ட் லேக் ஸ்டேடியத்தில் 1 லட்சத்து 31 ஆயிரத்து 781 பேர்! பூட்டியா மூன்று கோல் போட, ஈஸ்ட் பெங்கால் 4-1 என்று வென்றது. அதே பகை, அதைவிடப் பெரிய கூட்டம். ஆனால் ஈடன் கார்டன்ஸ் மாதிரி ரணகளம் நடக்கவில்லை. ஆக, பகை இருந்தால் பிணம் விழுந்தே தீரும் என்பது சரியில்லை.

பாடம் படித்தார்களா?

2012-ம் ஆண்டு டிசம்பர் 9-ந் தேதி அதே சால்ட் லேக்கில் மோகன் பகானின் ஒடாபாவை ரெப்ரி வெளியேற்றியதும் கல்வீச்சு. முன்பு ஈஸ்ட் பெங்காலுக்கு ஆடி, பிறகு மோகன் பகானுக்கு வந்த ரஹீம் நபியின் முகத்தில் கல் பட்டு ரத்தம் கொட்டியது. இடைவேளைக்குப் பிறகு மோகன் பகான் களம் இறங்க மறுத்தது. முதலில் தடை விதித்தார்கள். பிறகு அதை நீக்கி 2 கோடி ரூபாய் அபராதம் போட்டார்கள். அபராதம் கிளப்புக்கு. கல் எப்படி உள்ளே வந்தது என்பதற்கு?

2025 டிசம்பர் 13-ந் தேதி மெஸ்ஸி வந்தபோது என்ன ஆயிற்று? அன்று மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் மோதலே கிடையாது. காசு கொடுத்து வந்தவர்களுக்கு மெஸ்ஸியின் முகம்கூடத் தெரியவில்லை. பாட்டில் பறந்தது, நாற்காலி பிய்ந்தது. பகை இல்லாமலே ரகளை!

பகைவர்கள் கைகோத்தார்கள்

இதற்கு நேர்மாறான காட்சி 2024 ஆகஸ்டில் நடந்தது. ஆர்.ஜி.கர் ஆஸ்பத்திரியில் பயிற்சி பெண் டாக்டர் கற்பழித்துக் கொல்லப்பட்ட கொடுமையால் ஊரே கொதித்துக்கொண்டிருந்தது. 18-ந் தேதி நடக்க வேண்டிய டூரண்ட் கோப்பை ஆட்டத்தைப் பாதுகாப்புப் பிரச்சினையைக் காட்டி ரத்து செய்துவிட்டார்கள்.

ரசிகர்கள் வீட்டில் இருக்கவில்லை. தடை உத்தரவையும் மீறி ஸ்டேடியம் வாசலில் கூடினார்கள். மோகன் பகான்காரரும் ஈஸ்ட் பெங்கால்காரரும் தோளோடு தோள் நின்று நீதி கேட்டார்கள். முகமதன் ரசிகர்களும் சேர்ந்துகொண்டார்கள். போலீசார் தடியடி நடத்தினார்கள். ஆட்டத்துக்குக் காவல் போட ஆள் இல்லை, ரசிகனை அடிக்க மட்டும் ஆள் இருக்கிறதா என்ற கேள்வி எழுந்தது. நியாயமான கேள்விதான்.

ஆகவே ரசிகனைக் காட்டுமிராண்டி என்று திட்டிவிட்டுப் போவது சுலபம். தனித்தனி வாசல், தனித்தனி கேலரி, இடத்துக்குத் தக்க டிக்கெட், உள்ளே விடும் முன் சோதனை, ஓடுவதற்குத் திறந்த வழி. இவ்வளவுதான் வேண்டியது. இதைச் செய்ய வேண்டியவர்கள் சம்பளமும் டிக்கெட் பணமும் வாங்குகிறவர்கள்.

ஆகஸ்டு 16-ந் தேதி வந்தால் செத்துப்போன 16 பேர் நினைவாகக் கல்கத்தாவில் ரத்ததானம் செய்கிறார்கள். நல்ல காரியம். கூடவே அன்று ஸ்டேடியத்தின் வாசல்களையும் ஒரு தடவை எண்ணிப் பார்த்துவிட்டால், இன்னொரு 16 பேருக்கு அஞ்சலி செலுத்த வேண்டி வராது.