டைமிங் பெல்ட்டும் காலக்கணக்கும்

இலக்கியம் பேசும் இடத்தில், கார் எஞ்சினுக்குள் கிடக்கும் ஒரு ரப்பர்ப் பட்டைக்கு என்ன வேலை என்று வாசகர்கள் கேட்கக்கூடும். காலத்தை எதைக்கொண்டு அளப்பது என்ற பழைய கேள்வி அந்தப் பட்டைக்குள்ளும் இருக்கிறது என்பதே என் பதில். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழைய காரின் டைமிங் பெல்ட்டை மாற்றும் நாளை, ஓடிய கிலோமீட்டரை மட்டும் பார்த்து முடிவு செய்வது தவறு; பெல்ட்டின் வயதையும் பார்க்க வேண்டும். கள்ளக்குறிச்சியிலிருந்து கல்வராயன் மலைக்கு ஏறி இறங்கும் கார்களுக்கு இது இன்னும் கண்டிப்பாகப் பொருந்தும்.

டைமிங் பெல்ட்டின் வேலை எளிது. ஆனால் ஓய்வே இல்லாதது. பிஸ்டன்களை இயக்கும் கிராங்க் ஷாஃப்ட் இரண்டு சுற்றுச் சுற்றும்போது, வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்ட் சரியாக ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும். இந்தத் தாளம் பிசகாமல் இரண்டையும் பிணைத்து நிற்பது பற்கள் கொண்ட அந்த ரப்பர்ப் பட்டைதான். 1962இல் ஜெர்மனியின் கிளாஸ் 1004 என்ற கார், பெருமளவு உற்பத்தியில் இதை முதன்முதலாகக் கொண்டுவந்தது. ஓசை குறைவு, எடை குறைவு, செலவும் குறைவு என்பதால் உலகம் முழுதும் பரவியது.

நம்மில் பலருக்குக் காரைப் பற்றிய பழமொழிகளெல்லாம் அம்பாசிடர் காலத்தில் உருவானவை. அதன் பழைய எஞ்சினில் இந்த வேலையைச் செய்தது இரும்புச் சங்கிலி. சங்கிலி தேய்ந்தால் தளரும், தளர்ந்தால் சத்தம் போடும். கேட்ட பிறகு பட்டறைக்குக் கொண்டுபோக அவகாசம் இருந்தது. 'ஓடுற வரைக்கும் ஓடட்டும் சார்' என்ற வாக்கியம் அந்த அவகாசத்தில் பிறந்தது. 1983இல் வந்த மாருதி 800, 1998இல் வந்த சாண்ட்ரோ, அதே ஆண்டு வந்த டீசல் இண்டிகா ஆகியவற்றில் இருப்பது பெல்ட். பெல்ட் பெரும்பாலும் முன்னறிவிப்புத் தராது. நேற்றுவரை ஒழுங்காக ஓடிய கார், இன்று ஒரு கணத்தில் அடங்கிவிடும். காரின் இயல்பு மாறிவிட்டது. நம் பழமொழி மாறவில்லை.

அறுந்தால் என்ன ஆகும் என்பது எஞ்சினின் அமைப்பைப் பொறுத்தது. சில எஞ்சின்களில் வண்டி நிற்பதோடு தொல்லை முடியும். பிஸ்டனும் வால்வும் ஒரே இடத்தை முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் எஞ்சின்களில், முறை தவறிய மறுகணமே பிஸ்டன் வால்வில் மோதும். வால்வுகள் வளையும், சில வேளை பிஸ்டனும் உடையும். அழுத்தம் மிகுந்த டீசல் எஞ்சின்களில் இடைவெளி மிகக் குறுகியது. ஆதலால் சேதமும் பெரிது. சில ஆயிரம் ரூபாயில் முடிந்திருக்க வேண்டிய வேலை, பழைய காரின் சந்தை விலையையே எட்டிவிடும்.

எப்போது மாற்றுவது? பழைய கார்களின் கையேடுகள் பொதுவாக 60,000 முதல் 1,00,000 கிலோமீட்டர் வரை ஓர் எல்லையையும், ஐந்தாறு ஆண்டுகள் என்று இன்னோர் எல்லையையும் குறிக்கின்றன. இரண்டில் எது முன்னால் வருகிறதோ அதுவே கணக்கு. நாம் முதல் எல்லையைப் படித்துவிட்டு இரண்டாவதை விட்டுவிடுகிறோம். 'பத்து வருசத்துல நாற்பதாயிரம்தாங்க ஓடியிருக்கு' என்று பெருமையோடு விற்கப்படும் கார்தான் எனக்கு அச்சம் தருகிறது. வெப்பத்திலும் எண்ணெய்க் கசிவிலும் ரப்பர் முதுமையடையும். நிழலில் நின்றாலும் முதுமையடையும். மீட்டரைத் திருத்தி விற்கும் வழக்கமும் நாடறிந்தது. ஆண்டைத் திருத்துவது அவ்வளவு எளிதன்று.

இனி மலைக்கு வருவோம். கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையை அடிவாரத்தில் விட்டு, வெள்ளிமலைக்கு ஏறும் சாலையில் பெரும்பாலும் இரண்டாம், மூன்றாம் கியர்தான். ஒரு சிறிய காரின் எஞ்சின், டாப் கியரில் ஒரு கிலோமீட்டருக்குச் சுற்றுவதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் இரண்டாம் கியரில் சுற்றும். சேலம் நெடுஞ்சாலையில் ஓடிய ஆயிரம் கிலோமீட்டரும் மலைப்பாதையில் ஓடிய ஆயிரம் கிலோமீட்டரும் மீட்டருக்கு ஒன்று. பெல்ட்டுக்கு வேறு வேறு. வளைவில் இறங்கும்போது எஞ்சின் நின்றால், பிரேக்குக்குத் துணைசெய்யும் வெற்றிட அமைப்பு சில மிதிகளிலேயே வலுவிழக்கும். பவர் ஸ்டியரிங் உள்ள கார்களில் திருப்புவதும் கனக்கும்.

மலையில் பழைய கார் ஆடம்பரப் பொருள் அன்று. கீழே இரண்டாம் கையாக விலைபோன கார், மேலே மூன்றாம் கையாக, நான்காம் கையாக உழைக்கிறது. கள்ளக்குறிச்சி 2019 நவம்பரில் தனி மாவட்டமானது; 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரியும் திறக்கப்பட்டது. ஆயினும் வெள்ளிமலைக்கு அப்பால் உள்ள சிற்றூர்களிலிருந்து ஒரு நோயாளி அங்கே வந்து சேர்வது, பல வேளைகளில் யாரோ ஒருவருடைய பழைய காரை நம்பித்தான். அந்தக் காரை விற்றவர் பெல்ட்டை மாற்றினாரா என்பது அவருடைய சொந்த விவகாரமாக மட்டும் நின்றுவிடுவதில்லை.

பதினைந்து ஆண்டு கடந்த காருக்கு எஃப்.சி. எடுத்துவிட்டோமே என்று ஆறுதல் கொள்வோரும் உண்டு. அந்தச் சோதனையில் பிரேக், விளக்கு, புகை ஆகியன பார்க்கப்படும். பெல்ட்டோ ஒரு மூடிக்குள் இருக்கிறது. அதைக் கழற்றிப் பார்க்கும் கடமை உரிமையாளருக்கே உரியது.

எதிர்வாதங்களையும் எண்ணிப் பார்க்க வேண்டும். நல்ல நிலையில் உள்ள பெல்ட்டைத் தூக்கி எறிவது வீண்செலவு என்பது ஒன்று. கழற்றிய பெல்ட் பார்வைக்குப் புதிதுபோல் இருப்பது உண்மையே. உள்ளிருக்கும் இழைகளின் சோர்வு கண்ணுக்குத் தெரியாது என்பதும் உண்மை. மெக்கானிக் தம் வருமானத்துக்காகச் சொல்கிறார் என்பது மற்றொன்று. அந்த ஐயத்துக்கு மருந்து கையேடு. அதைக் காட்டிப் பேசினால் இருவருக்கும் மரியாதை. எல்லாக் கார்களுக்கும் இது தேவையா என்று கேட்டால், தேவையில்லை. ஸ்விஃப்ட் டீசல் போன்றவற்றில் சங்கிலிதான் இருக்கிறது. தம் காரில் இருப்பது எது என்று அறிவதே முதல் வேலை.

பழைய கார் வாங்குவோர்க்கு நான் சொல்வது இதுதான். பெல்ட் மாற்றியதற்கு ரசீது இல்லையென்றால், மாற்றவில்லை என்றே கொள்ளுங்கள். பெல்ட்டோடு டென்ஷனரையும் மாற்றுங்கள். அதே பெல்ட்டால் வாட்டர் பம்ப் சுற்றும் எஞ்சின் என்றால், அதையும் அப்போதே பாருங்கள். ஒரு கூலியில் முடியும். எண்ணெய்க் கசிவு இருந்தால் அடைக்காமல் புதுப் பெல்ட் போடாதீர்கள். போலி உதிரிபாகத்தில் மிச்சம் பிடிக்காதீர்கள். மலையில் அன்றாடம் ஓடும் வண்டி என்றால், கிலோமீட்டர் எல்லைக்குக் கணிசமாக முன்பே மாற்றிவிடுங்கள்.

வள்ளுவர் காலமறிதலுக்கு ஓர் அதிகாரமே ஒதுக்கினார். நம் முன்னோர் ஓர் ஏரிக்குக் கொடை கொடுத்தாலும் அரசனின் ஆட்சியாண்டைக் கல்லில் வெட்டி வைத்தார்கள். பின்னால் வருபவர் அறிய வேண்டும் என்பதற்காக. மாற்றிய தேதியையும் கிலோமீட்டரையும் ஒரு சிறு சீட்டில் எழுதி, பானட்டுக்கு உள்ளே ஒட்டி வையுங்கள். அந்தக் காரை நாளை வாங்கி மலைக்கு ஓட்டிச் செல்லப்போகும் முகம் தெரியாத மனிதருக்கு, நாம் விட்டுச்செல்லும் மிகச் சிறிய கல்வெட்டு அது.