மயில் கழுத்துக்கு எந்த கிரேயான்?

காஞ்சிபுரத்தில் எந்தப் பட்டுக் கடையிலும் 'மயில் கழுத்து' என்று கேட்டால் போதும், புடவையை எடுத்து விரித்துவிடுவார்கள். பாவு ஒரு நிறம், ஊடை வேறு நிறம். நீல இழையும் பச்சை இழையும் நெடுக்கும் குறுக்குமாக ஓடுவதால், நேராகப் பார்க்கும்போது தெரியும் நிறம் புடவையைச் சற்றுச் சாய்த்ததும் மாறிவிடும். "இது என்ன கலர்?" என்று முதல் வகுப்புப் பிள்ளைகளைக் கேட்டால் ஒருத்தி நீலம் என்பாள், பக்கத்தில் இருப்பவன் பச்சை என்பான். இருவர் சொல்வதும் சரி.

ஒரு கேள்விக்கு இரண்டு சரியான விடை இருக்கலாம் என்று குழந்தைக்குக் காட்ட இதைவிட நல்ல பாடப்பொருள் எது? காஞ்சிபுரத்துத் தொடக்கப் பள்ளிகளுக்கு இந்த ஊரின் நிறங்களைக் கொண்டே ஒரு படப்புத்தகம் வேண்டும். அதற்கான எல்லாமே ஊருக்குள் இருக்கிறது.

பிள்ளையார்பாளையம் போன்ற நெசவாளர் பகுதிகளில் வளரும் குழந்தையின் காதில் அரக்கு, வாடாமல்லி, கிளிப்பச்சை, கத்தரிப்பூ, மாம்பழ மஞ்சள், வெங்காயத் தோல் என்று நிறப் பெயர்கள் நாள் முழுக்க விழுகின்றன. எல்லாமே கண்ணால் கண்ட பூவிலிருந்தும் காயிலிருந்தும் பறவையிலிருந்தும் பிறந்த பெயர்கள். காஞ்சிபுரம் முத்து செட்டியார் எம்.எஸ். சுப்புலட்சுமிக்காக நெய்து கொடுத்த நீலத்துக்கு 'எம்.எஸ். ப்ளூ' என்ற பெயரே நிலைத்துவிட்டது. புதிய நிறத்தை உண்டாக்கி அதற்குப் பெயரும் சூட்டிய ஊர் இது.

அதே குழந்தை வகுப்பறைக்கு வந்ததும் பன்னிரண்டு கிரேயான் கொண்ட டப்பாவும், ஏற்கெனவே கோடு போட்ட படமும் கைக்கு வருகின்றன. ஆப்பிளுக்குச் சிவப்பு, இலைக்குப் பச்சை, வானத்துக்கு நீலம். கோட்டுக்கு வெளியே போகக் கூடாது. யாராவது மரத்துக்கு ஊதா அடித்துவிட்டால் "மரம் எங்கேயாவது ஊதாவா இருக்குமா?" என்று கேள்வி வரும். அடுத்த முறை அந்தக் குழந்தை ஊதாவைத் தொடாது. பக்கத்து நோட்டைப் பார்த்துப் பச்சையை எடுக்கும்.

நல்ல படப்புத்தகம் வேறு மாதிரி வேலை செய்யும். லியோ லியோனி 1959-ல் வெளியிட்ட 'லிட்டில் ப்ளூ அண்ட் லிட்டில் யெல்லோ' ஒரு ரயில் பயணத்தில் பிறந்தது. பேரக் குழந்தைகளுக்குப் பொழுது போக, கையிலிருந்த 'லைஃப்' பத்திரிகையைக் கிழித்து வண்ணத் துண்டுகளை வைத்தே அவர் கதை சொன்னார். நீலமும் மஞ்சளும் கட்டிப்பிடித்துப் பச்சையாகிவிட, பெற்றோருக்கே பிள்ளைகளை அடையாளம் தெரியாமல் போகிறது. இந்தக் கதையைக் கேட்ட குழந்தை காகிதத்தைக் கிழித்துத் தன் கதையைத் தொடங்கிவிடும். யாரும் 'படைப்பாற்றல் பயிற்சி' என்று தனியாக வகுப்பு எடுக்க வேண்டியதில்லை.

நம் பக்கத்திலும் முன்மாதிரி உண்டு. சென்னையின் தூலிகா பதிப்பகம் 2006-ல் வெளியிட்ட 'மை மதர்ஸ் சாரி' சந்தியா ராவ் எழுதி நினா சப்னானி படம் வரைந்தது. அம்மாவின் புடவை ஒரு குழந்தையின் விளையாட்டில் என்னென்னவாக மாறுகிறது என்பதுதான் கதை. பக்கங்களில் உண்மையான புடவைகளின் நிறமும் நெசவும் விரிகின்றன. புடவை குழந்தைகளின் புத்தகத்துக்குள் எவ்வளவு இயல்பாக வரும் என்பதற்கு இதுவே சான்று.

நிறத்தின் நடுவில் வளர்ந்தாலே கற்பனை வந்துவிடும் என்றும் சொல்ல முடியாது. காஞ்சிபுரத்தின் பழைய வரலாறே இதற்குச் சாட்சி. உடலை ஒரு நிறத்திலும் கரையை வேறு நிறத்திலும் நெய்து இணைக்கும் கோர்வைத் தறியில், ஊடை நூலைக் கொண்டு செல்லும் நாடா மூன்று ஓடும். நெசவாளருக்குத் துணையாகப் பக்கத்தில் உட்கார்ந்து கரை நாடாவைப் போட ஒரு ஆள் தேவை. பல காலம் அந்த இடத்தில் உட்கார்ந்தவர்கள் பள்ளிக்குப் போக வேண்டிய சிறுவர்கள். காலை முதல் இரவு வரை பட்டையும் சரிகையையும் தொட்ட அந்தக் கைகள் ஒரு நிறத்தைக்கூடத் தாமாகத் தேர்ந்தெடுத்ததில்லை. 1986-ன் குழந்தைத் தொழிலாளர் சட்டம், சிறப்புப் பள்ளிகள், கல்வி உரிமைச் சட்டம் என்று பெரும் போராட்டத்துக்குப் பிறகுதான் பிள்ளைகள் தறியிலிருந்து பெஞ்சுக்கு வந்தார்கள். வந்த இடத்திலும் 'சொன்ன நிறத்தைத்தான் அடிக்க வேண்டும்' என்பது நியாயமா?

ஆசிரியர்களை மட்டும் குறை சொல்வதும் சரியல்ல. 2009-ன் கல்வி உரிமைச் சட்ட அட்டவணை, 6 முதல் 8 வரையிலான வகுப்புகளில், அதுவும் 100 பிள்ளைகளுக்கு மேல் படிக்கும் பள்ளிகளுக்குத்தான் பகுதிநேரக் கலை ஆசிரியரைக் கேட்கிறது. தமிழ்நாட்டில் 2012-ல் ஓவியம், உடற்கல்வி, தொழிற்கல்வி ஆகியவற்றுக்காக நியமிக்கப்பட்ட 16,549 பகுதிநேர ஆசிரியர்களும் அந்த வகுப்புகளுக்கானவர்களே. நிறங்களை முதன்முதலாகச் சந்திக்கும் ஒன்றாம் வகுப்புக் குழந்தைக்கு ஓவிய ஆசிரியர் என்று யாரும் இல்லை. தமிழ், கணக்கு, பதிவேடு எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் வகுப்பாசிரியரே அதையும் பார்த்தாக வேண்டும்.

அவர் கையில் கொடுக்கத்தான் ஒரு புத்தகம் தேவை. ஒரு பக்கத்தில் மயில் கழுத்துத் துணியின் இரண்டு கோணப் படங்கள். எதிர்ப்பக்கம் காலியாக இருக்கட்டும். குழந்தை தான் கண்ட நிறத்துக்குத் தானே பெயர் வைக்கட்டும். இன்னொரு பக்கத்தில் கைலாசநாதர் கோயில் பிராகாரத்துச் சிறு சன்னதிகளில் மிஞ்சியிருக்கும் பல்லவர் கால ஓவியம். ஏறக்குறைய 1,300 ஆண்டுகளில் பெரும்பகுதி உதிர்ந்து, அங்கங்கே கோடும் நிறமும் மட்டும் நிற்கின்றன. உதிர்ந்த இடத்தில் என்ன இருந்திருக்கும் என்று பிள்ளைகள் வரைந்து பார்க்கலாம். தறியில் வெட்டிப் போடும் நூல் துண்டுகளை ஒட்டுவதற்கென்றே சில பக்கங்கள். கிரேயான் டப்பாவுக்கு ஆகும் செலவுகூட அதற்கு ஆகாது.

'முதலில் எழுத்தும் கணக்கும் வரட்டும், படம் பிறகு' என்பது பல பெற்றோரின் கவலை. நியாயமான கவலைதான். ஆனால் தமிழ்நாடு அரசு 2022-ல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டமே ஆடல், பாடல், கைவேலை வழியாகத்தான் எழுத்தைக் கற்பிக்கிறது. "என் நிறத்துக்கு நான் வைத்த பெயர்" என்று எழுதத் துடிக்கும் குழந்தை மெய்யெழுத்தையும் உயிர்மெய்யையும் தேடிப் பிடிக்கும்.

பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கம் ஏற்கெனவே சிறு கதைப் புத்தகங்களை அரசுப் பள்ளிகளுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. அந்த வரிசையில் காஞ்சிபுரத்தின் நிறப் புத்தகமும் சேரட்டும். நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்கள் துணித் துண்டுகளைத் தரட்டும், சாயம் போடுபவர்களும் நெசவாளர்களும் ஆண்டுக்கு ஒருநாள் வகுப்பறைக்கு வந்து பேசட்டும். அதுவரை ஆசிரியர்கள் ஒன்றே ஒன்று செய்யலாம்: ஊதா மரம் வரைந்த குழந்தையைத் திருத்தும் முன், அது ஏன் ஊதா என்று கேளுங்கள்.