மூக்கில் குழாயோடு வந்தால் என்ன?



"குழாயோட சாரை ஏன் டீச்சர் கல்யாணத்துக்கு அலைக்கழிக்கிறீங்க?" என்று கேட்கிறீர்கள். கண்ணாடி போட்டவரை வீட்டிலேயே இருக்கச் சொல்கிறோமா? அவர் வரத்தான் செய்வார்.

மூச்சு வாங்குகிறதே என்று பாவப்பட்டு யாரும் பட்டனை அழுத்தி அளவைக் கூட்டிவிடாதீர்கள். டாக்டர் எழுதியதுதான் அளவு. சி.ஓ.பி.டி. உள்ளவருக்கு ஆக்சிஜன் கூடினாலும் ஆபத்து.

ஆரத்தித் தட்டை அவர் பக்கம் கொண்டுவரவே வேண்டாம். ஆக்சிஜன் தானாக எரியாது. ஆனால் சின்னப் பொறியையும் பெருந்தீயாக்கிவிடும். வீட்டில் சாமி விளக்கையே வேறு அறைக்கு மாற்றிவிட்டேன். சாமி ஒன்றும் கோபித்துக்கொள்ளவில்லை!

தோளில் மாட்டும் கருவி பேட்டரியில் ஓடும். கூடுதலாக ஒன்றும் பையில் இருக்கிறது. மண்டபத்தில் பிளக் பாயிண்ட் பக்கத்தில், அடுப்படிக்குத் தள்ளி, ஒரு நாற்காலி போட்டுவையுங்கள். ஞாயிற்றுக்கிழமை வருகிறோம்.