நெஞ்சைத் திறந்தால் நினைவு போகுமா?

சூலூர் வட்டாரத்தில், பஞ்சாலையில் உழைத்து ஓய்ந்தவர்களும் தறிக்காரர்களும் தோட்டங்காட்டுக்காரர்களும் கூடிப் பேசுமிடங்களில், இருதய ஆபரேஷனைப் பற்றிய பேச்சு எழுந்தவுடன் அநேகமாக எல்லோர் வாயிலும் வருகிற அபிப்பிராயம் ஒன்றுண்டு. பைபாஸ் செய்துகொண்டவன் உயிர் பிழைப்பான், ஆனால் அவன் புத்தி பழைய புத்தியாக இராது என்பதே அது. "எங்க அப்புச்சிக்கு நெஞ்சத் தொறந்ததுல இருந்தே நெனப்பு நிக்கறதில்லீங்க" என்று ஒரு பேரன் சொல்லும்போது அதில் பொய்யேதும் இல்லை. கண்ணால் கண்டதைத்தான் அவன் சொல்லுகிறான். கண்டதிலிருந்து அவன் செய்துகொள்ளும் அனுமானமே தவறானது. அந்த அனுமானத்தை நம்பி, கோயமுத்தூரிலேயே தேர்ந்த சிகிச்சை கிடைக்கும் இந்நாளில், அடைபட்ட இரத்தக் குழாய்களோடு நாளைக் கடத்துகிறவர்களைக் காணும்போது மனம் பதைக்கிறது. ஆகவே இதை விரிவாகவே மறுக்க வேண்டியிருக்கிறது.

இந்த அபிப்பிராயத்துக்கு விஞ்ஞான ஆதாரம் எதுவுமே இல்லையென்று தள்ளிவிட முடியாது. அமெரிக்காவின் ட்யூக் சர்வகலாசாலையில் நியூமன் என்ற மயக்கவியல் நிபுணரும் அவருடைய சகாக்களும், பைபாஸ் செய்துகொண்ட 261 பேருக்கு ஞாபகம், கவனம் முதலிய சக்திகளைப் பரீட்சித்து 2001-ஆம் ஆண்டில் வெளியிட்ட முடிவுகள் உலகெங்கும் பரபரப்பை உண்டாக்கின. வீடு திரும்பும் சமயத்தில் நூற்றுக்கு 53 பேருக்கும், ஆறு வாரத்தில் 36 பேருக்கும், ஆறு மாதத்தில் 24 பேருக்கும் புத்தித்திறன் குறைந்திருந்தது. தேறி வருகிறார்களே என்று ஆறுதல் கொள்ளும் வேளையில், ஐந்தாம் ஆண்டு முடிவில் அந்த எண் மறுபடியும் 42-க்கு ஏறிவிட்டது. இந்த 42 என்ற எண்ணைத்தான் பத்திரிகைகள் பற்றிக்கொண்டன; இன்றுவரை திண்ணைகளில் உலவும் பீதிக்கு அதுவும் வலுவூட்டியது.

ஆனால் அந்த ஆராய்ச்சியில், ஆபரேஷன் செய்துகொள்ளாத இருதய நோயாளிகளை அதே ஐந்தாண்டுகள் பின்தொடர்ந்து ஒப்பிட்டுப் பார்க்கும் ஏற்பாடு இல்லை. சராசரி அறுபது பிராயத்தைக் கடந்த, சர்க்கரையும் இரத்தக் கொதிப்பும் உள்ள மனிதர்களுக்கு ஐந்தாண்டில் ஏற்படும் மறதியில், கத்தியினால் வந்தது எவ்வளவு, வியாதியினாலும் வயதினாலும் வந்தது எவ்வளவு என்று பிரித்தறிய அதில் வழியே கிடையாது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தால் காக்கையின் பாரத்தால் விழுந்ததென்று சொல்வதற்கு முன்னால், காக்கை உட்காராத மரங்களிலும் பழம் விழுகிறதா என்று பார்க்க வேண்டாமா?

அப்படிப் பார்க்கத் துணிந்தவர்கள் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் சர்வகலாசாலையின் நரம்பியல் அறிஞர் கய் மெக்கானும், நரம்புசார் மனோதத்துவ நிபுணர் ஓலா செல்னஸும். இவர்களும் முதலில் பைபாஸ் நோயாளிகளிடம் பிற்காலச் சரிவைக் கண்டவர்களே. தங்கள் முடிவுடன் நின்றுவிடாமல், அதைச் சோதிக்கத் தாமே வலை விரித்தார்கள் என்பதை நான் மிகவும் மதிக்கிறேன். வழக்கமான முறையில் பைபாஸ் செய்துகொண்ட 152 பேர், இருதயம் துடித்துக்கொண்டிருக்கும்போதே ஒட்டுப்போடும் முறையில் சிகிச்சை பெற்ற 75 பேர், இருதய நோய் இருந்தும் கத்திபடாத 99 பேர், இருதய நோயே இல்லாத 69 பேர் என நான்கு கூட்டத்தாரை ஆறு ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். நோயுள்ள மூன்று கூட்டத்தாரும், எந்தச் சிகிச்சையும் தொடங்குவதற்கு முன்னமேயே, நோயில்லாதவர்களைவிடப் பரீட்சையில் பின்தங்கியிருந்தார்கள். ஆறு ஆண்டு முடிவில் அவர்களுடைய சரிவும் ஆரோக்கியமானவர்களின் சரிவைவிட அதிகமாக இருந்தது. ஆயினும் கத்திபட்டவருக்கும் படாதவருக்கும் இடையே சரிவின் அளவில் வித்தியாசம் காணவில்லை.

இருதயத்தின் குழாயில் கொழுப்பைப் படியவைக்கும் அதே வியாதி மூளையின் குழாய்களிலும் படியவைக்கிறது. நெஞ்சைத் திறப்பதற்கு முன்னமே பலருடைய மூளையில் சிறு சிறு சேதங்கள் வாய்திறவாமல் நேர்ந்திருப்பது ஸ்கேன் படங்களில் தெரிகிறது. மறதி ஆபரேஷனுக்கு முன்பே வேர்விட்டிருந்தது. ஆபரேஷனுக்குப் பிறகு குடும்பத்தார் கவனித்துப் பார்க்கத் தொடங்கினார்கள்.

சதவீதக் கணக்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஹாலந்து தேசத்தில் நடந்த ஒரு பெரும் ஆராய்ச்சியில், ஐந்தாண்டுக்குப் பின், ஒரு வரையறையின்படி பாதிப்பேருக்குப் புத்தித்திறன் குறைந்திருந்தது. வரையறையைச் சற்றுக் கடுமையாக்கியதும், அதே மனிதர்களிடையே அந்தத் தொகை ஏறக்குறைய மூன்றிலொரு பங்காகிவிட்டது. பல பரீட்சைகளை வைத்தால் ஏதேனும் சிலவற்றில் மதிப்பெண் குறைவது தற்செயலாகவும் நேரும். தேர்வெழுதும் பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை.

ஆபரேஷனின்போது இருதயத்தை நிறுத்திவைத்து அதன் வேலையைச் செய்யும் இயந்திரத்தைக் காட்டி, "எல்லாம் அந்த மெஷினால் வருவது" என்பவர்களும் உண்டு. 1953-ஆம் ஆண்டு மே மாதத்தில் பிலடெல்பியாவில் கிப்பன் என்ற வைத்தியர் வெற்றிகரமாகக் கையாண்ட இருதய நுரையீரல் இயந்திரம், 1961-இல் வேலூரில் நடந்த திறந்த இருதய சிகிச்சைக்கும், 1975-இல் பெரம்பூர் ரயில்வே ஆஸ்பத்திரியில் டாக்டர் கே.எம்.செரியன் நம் தேசத்தின் முதல் பைபாஸைச் செய்ததற்கும் பின்னணியான சாதனம். அதன் குழாய்கள் வழியே ஓடிவரும் இரத்தத்தில் நுண்குமிழிகளும் துகள்களும் சேர்ந்து மூளைக்குப் போகக்கூடும் என்ற சந்தேகம் நியாயமானதுதான். அப்படியானால் இயந்திரமில்லாமல், துடிக்கும் இருதயத்திலேயே ஒட்டுப்போடுவோருக்கு மறதி குறைய வேண்டுமல்லவா? மேற்சொன்ன ஹாலந்து ஆராய்ச்சியில் இரு முறைகளுக்கும் ஐந்தாண்டு முடிவு ஒன்றாகவே இருந்தது. இந்தியா உட்பட 19 தேசங்களில் 4,752 பேரைக் கொண்டு நடந்த மற்றொரு பெரிய சோதனையிலும், ஓராண்டு முடிவில் புத்தித்திறனில் கணிசமான வேற்றுமை தென்படவில்லை. முதியவர்களுக்கு மறதியும் குழப்பமும், வயிறு, எலும்பு முதலிய வேறு உறுப்புகளின் பெரிய ஆபரேஷன்களுக்குப் பின்னும் வருகின்றன. அவ்விடங்களில் இருதய நுரையீரல் இயந்திரம் ஏது?

இவ்வளவு மறுத்தாலும், மறைக்கலாகாதது ஒன்றுண்டு. ஆபரேஷனுக்குப் பிந்திய முதல் சில நாட்களில் மனம் குழம்புவது மெய். தீவிர சிகிச்சைப் பிரிவில் படுத்திருக்கும் பெரியவர் பிள்ளையைப் பார்த்து "நீ யார்?" என்று கேட்பதும், ஊசிக் குழாயைப் பிடுங்கி எறிவதும் நடக்கின்றன. 2012-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆராய்ச்சியில், அறுபது வயதும் அதற்கு மேலும் ஆன 225 பேரில் நூற்றுக்கு 46 பேருக்கு இத்தகைய பிதற்றல் வந்தது. அப்படி வந்தவர்களில் பத்துக்கு நால்வர் ஆறு மாதத்திலும் பழைய நிலையை எட்டவில்லை. வராதவர்களில் அந்தத் தொகை நான்கிலொரு பங்கு. நூற்றுக்கு ஒருவர் இருவருக்குப் பக்கவாதமும் நேரிடுகிறது. இவற்றை நோயாளியிடம் முன்னதாகச் சொல்லாதிருப்பது தர்மமாகாது. ஆனால் சில வார, சில மாதக் குழப்பத்தையும் ஆயுட்கால மந்தத்தையும் ஒன்றாக்கிப் பேசுவது வேறு விஷயம்; பெரும்பாலோர் முன்பிருந்த நிலைக்கே திரும்பிவிடுகிறார்கள்.

"பைபாஸ் வேண்டாம், ஸ்டென்ட் வைத்துக்கொண்டால் மூளைக்கு நல்லது" என்ற யோசனைக்கும் உறுதியான ஆதாரமில்லை. அமெரிக்காவில் முதியவர்களின் ஞாபக சக்தியை வருஷக்கணக்கில் பதிந்துவந்த ஒரு கணக்கெடுப்பிலிருந்து 1,680 பேரைப் பிரித்தெடுத்து 2021-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், பைபாஸ் செய்துகொண்டவர்களுக்கும் ஸ்டென்ட் முறையில் சிகிச்சை பெற்றவர்களுக்கும் மறதி மிகும் வேகத்தில் கணிசமான வேற்றுமை காணவில்லை. எந்தச் சிகிச்சை என்பதை எத்தனை குழாய்கள், எவ்விடத்தில், எவ்வளவு அடைபட்டிருக்கின்றன என்பதைக் கொண்டு வைத்தியர் தீர்மானிக்கட்டும்.

மனச்சோர்வையும் இங்கே மறந்துவிடக்கூடாது. "ஒன்னுமே நெனப்புல நிக்கறதில்லீங்க" என்று குறைப்படுகிறவர்களில் பலர் பரீட்சையில் நன்றாகவே தேறுகிறார்கள். அவர்களிடம் மிகுந்து காணப்படுவது சோர்வே. தோட்டத்துக்கும் தறிக்கும் போகக்கூடாதென்று மூலையில் உட்காரவைக்கப்பட்ட மனிதர் களையிழந்து இருப்பதை மூளைக் கோளாறென்று கொள்வது அவருக்குச் செய்யும் இரட்டை அநியாயம்.

ஆபரேஷனுக்குத் தேதி குறித்திருக்கும் குடும்பத்தார் செய்யவேண்டியவை சில. இப்போதே மறதி இருக்கிறதா என்று வைத்தியரைச் சோதிக்கச் சொல்லுங்கள். முன்பே குறை இருப்பவருக்குத்தான் பின்னால் குழப்பம் அதிகம். அவர் கண்ணாடியையும் காதுக் கருவியையும் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குக் கொடுத்தனுப்புங்கள். பழகிய குரல் ஒன்று பக்கத்தில் இருக்க அனுமதி கேளுங்கள். வீடு திரும்பியபின், "ஒட்டுப் போட்டாச்சு, இனி மாத்திரை எதுக்கு" என்று நிறுத்த விடாதீர்கள். ஒட்டுப்போட்டது இருதயத்துக்கு மட்டுமே. மூளையின் குழாய்களைக் காப்பது இரத்தக் கொதிப்பையும் சர்க்கரையையும் கொழுப்பையும் கட்டுக்குள் வைக்கும் மாத்திரைகளும், பீடியை விட்டுவிடுவதும், தினம் காலையில் குளக்கரை வரை நடப்பதுமே.